சயாமிலிருந்து திரும்பி வந்தவர்கள்

(பத்து காவானில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுரிமையைப் பற்றியும் பேசுவதற்காக உள்ள மேடை இது. இன்று வேறொரு விஷயத்தைப் பேச அனுமதி கேட்டேன். தலைவர் பெரிய மனத்தோடு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். பிறகு ரப்பர் வந்தது. அதன் பிறகு செம்பனை வந்தது. தாத்தாமார் பால் வெட்டிய நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. பேத்திமார் அங்கே இரவு வேலைக்குப் போகிறார்கள். சென்ற மாதம் நம் கிளைக் குடும்பத்துப் பெண் ஒருவர் வேலை முடிந்து திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவருடைய கழுத்துச் சங்கிலியைப் பறித்தார்கள். தடுத்தவரை அடித்துச் சடக்கோரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார். கை கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அன்று முதல் அவர் வாசற்படி தாண்டவில்லை.

அவரைப் பார்க்கப் போன நாம் என்ன சொன்னோம்? "அந்த நேரத்தில் ஏன் தனியாக வந்தாய்?" என்றார் ஒருவர். "உயிர் தப்பியதே பெரிது, மறந்துவிடு" என்றார் இன்னொருவர். "எல்லாம் உன் நேரம் அம்மா" என்றார் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் வேறு யாருமல்ல, நான்தான். இன்று அவர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் மறுபடியும் இதையே கேட்க வேண்டியிருக்கும் என்று எண்ணியிருப்பார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் தாத்தாவின் நினைவு வந்தது. இதே மூன்று வார்த்தைகளைத்தான் அவருக்கும் அவருடைய காலத்தவர் சொன்னார்கள். அவர் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். ஒரு சங்கிலிப் பறிப்பும் சயாம் மரண ரயிலும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அளவு வேறு, காலம் வேறு. ஆனால் அடிபட்டவர் மனத்தில் எழும் கேள்விகள் ஒன்றே. அதனால்தான் அந்தப் பழைய கதையை உங்கள் முன் வைக்கிறேன்.

தோழர்களே! ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ந் தேதி கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ந் தேதி பினாங்கு நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்கள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். ரப்பருக்குச் சந்தையில்லை, அதனால் வேலையில்லை, வேலையில்லாததால் அரிசியில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறு, சாக்கே துணி என்று லயங்கள் கிடந்தன.

அந்த வேளையில், சயாமையும் பர்மாவையும் இணைத்து நோங் பிளாடுக் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலையை ஜப்பானிய ராணுவம் 1942-ன் நடுவில் தொடங்கியது. கடல் வழியே பர்மாவுக்குப் போன அவர்களுடைய கப்பல்களை நேசநாட்டார் மூழ்கடித்து வந்ததால், தரை வழி அவசரமாக வேண்டியிருந்தது. போர்க் கைதிகள் மட்டும் போதவில்லை. ஆகவே தோட்டங்களின் பக்கம் கண்ணைத் திருப்பினார்கள். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பாததைக் கண்டு ஜனங்கள் உஷாரானதும், பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பல தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சரக்கு வண்டியில் நாட்கணக்கில் அடைபட்டுப் பான் போங் போய்ச் சேர்ந்தவர்கள், அங்கிருந்து காட்டு வழியே நடந்தார்கள். 1943 மழைக் காலத்தில் காலரா வந்தது. சீதபேதி, மலேரியா, எலும்பு தெரியும் அளவுக்குக் காலில் அழுகிய புண். இவை போதாதென்று அடியும் உதையும். 1943 அக்டோபர் 17-ல் இருபக்கத் தண்டவாளங்களும் கொன்கொய்த்தாவில் ஒன்று சேர்ந்தன. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மவர்கள், தோட்டத் தமிழர்கள். இறந்தவர்கள் கணக்கில் வந்த அளவில் ஏறத்தாழ 30,000. உண்மைத் தொகை அதைவிட அதிகம் என்பார் பலர்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே பாதையில் 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர், அதாவது ஐந்தில் ஒருவர், இறந்தார்கள். நம்மவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே மழை, அதே காலரா, அதே தடியடி. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அவர்களுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட ஆள் இருந்தது. செத்தவனுடைய பேரை எழுதிவைக்கவும் ஆள் இருந்தது. நம்மவர்கள் வெறும் கூட்டமாகப் போனார்கள், கூட்டமாகவே விழுந்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,900-க்கு மேற்பட்ட சமாதிகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி ஒரு கல்லறை இல்லை. 1944-ல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் ஒரு பலகை இருக்கிறது. ஆனால் அதில் ஒருவன் பேரும் இல்லை. 1990-ல் அங்கே கரும்புக் கொல்லையில் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. யாருடைய எலும்பு என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

இனி, திரும்பி வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைய பேச்சே அவர்களைப் பற்றியதுதான்.

என் தாத்தா பிடிபட்டபோது அவருக்கு வயது 18. அவரோடு அதே லயத்திலிருந்து இன்னும் பதினொரு பேர் போனார்கள். திரும்பியவர் அவர் ஒருவரே. 1946-ல் அவர் தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது, பதினொரு வீட்டுப் பெண்களும் ஓடி வந்து "என் வீட்டுக்காரர் எங்கே, என் பிள்ளை எங்கே?" என்று சூழ்ந்துகொண்டார்களாம். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாராம். மறுநாள் பெரட்டுக்கு வந்து நின்றார். பால் வெட்டப் போனார். நாற்பது வருஷம் அப்படியே போனார்.

அந்தப் பதினொரு வீட்டுப் பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். செத்த நாள் தெரியாதபோது திதி எப்படிக் கொடுப்பது? தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? ஒப்பாரி வைக்கக்கூட ஓர் உடல் வேண்டுமே! துக்கத்தைத் தொடங்கவே முடியாதவர்கள் அதை முடிப்பது எப்படி?

தாத்தாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் படையலில், முன்னோருக்குப் போடும் இலையைத் தவிர, இன்னும் பதினொரு சிறிய இலைகளை வரிசையாகப் போடச் சொல்வார். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் உட்கார்ந்து ஒரு பேரைச் சொல்லிச் சோற்றை வைப்பார். பேர், அப்பன் பேர், லயத்தின் கதவு எண். சின்னப் பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். "கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று வீட்டில் பெரியவர்களும் சொல்வார்கள்.

ஏன் முதல் இலை எப்போதும் ஒருவருக்கே போகிறது என்று ஒரு தடவை நான் கேட்டேன். அன்றைக்கு அவர் சொன்னார்: அந்த மனிதர் காலராவில் கிடந்தபோது, இவர் குளிர் தாங்காமல் அவர் மேலிருந்த சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டாராம். "அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சுய்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது 12. என்ன சொல்வதென்று தெரியாமல் விளையாடப் போய்விட்டேன்.

2004-ல் தாத்தா காலமானார். பதினொரு இலை போடுவது அதோடு நின்றது. பிறகு நான் கிராணி வேலைக்கு வந்தேன். தினமும் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பது என் வேலை. ஒருவன் பேர் விட்டுப்போனால் அன்றைக்கு அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அவனுக்குக் கூலி கிடையாது. அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்த பிறகுதான், தாத்தா ஆண்டுதோறும் செய்தது என்ன என்பது எனக்கு விளங்கியது. யாரும் எழுதாத செக்ரோலை அவர் வாயால் எழுதிக்கொண்டிருந்தார். அறுபது வருஷம் அதைச் சுமந்தார். பேர் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட நான் அதை ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. இன்று எனக்கு நினைவிருப்பவை நான்கு பேர்கள் மட்டுமே. ஏழு பேர் இரண்டாவது தடவையும் தொலைந்து போனார்கள். அந்தக் குற்றம் என்னுடையது.

தோழர்களே! கொடுமைக்குத் தப்பி வந்தவன் இரவில் விழித்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் மூன்று. இது எனக்கு ஏன் வந்தது? நான் மட்டும் ஏன் பிழைத்தேன்? இது தப்பு என்று சொல்ல உலகத்தில் யாராவது இருக்கிறார்களா?

முதற் கேள்விக்கு நம் பெரியவர்கள் சொன்ன பதில் "தலையெழுத்து" என்பது. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பெண்டாட்டி பிள்ளைகளை இழந்தவர்களை மறுநாள் காலையில் எழுப்பி நிறுத்திய ஊன்றுகோல் அது. ஆனால் அந்தக் கோலுக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் தலையெழுத்து என்றால் அடித்தவன் தப்பிவிடுகிறான். அடிபட்டவன் மட்டும் பொறுப்பாளி ஆகிறான். சயாமில் நம்மவரைக் கொன்றது விதியல்ல. நாள் குறித்து, வேகத்தைக் கூட்டி, மருந்தும் அரிசியும் கொடுக்காமல் வேலை வாங்கிய மனிதர்கள். சடக்கில் நம் சகோதரியை அடித்ததும் அவருடைய கெட்ட நேரமல்ல. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு ஆட்கள்.

இரண்டாவது கேள்வி மிகவும் கொடியது. சாக்கை எடுத்துக்கொண்டேனே என்று என் தாத்தா அறுபது வருஷம் தம்மையே தண்டித்துக்கொண்டார். ஒரு மனிதனுக்கு ஒரு போர்வைகூடக் கொடுக்காமல் மலைக்காட்டில் மழையில் போட்டவனிடம் அல்லவா அந்தக் கேள்வி போக வேண்டும்? "அது உன் குற்றமில்லை" என்று சொல்ல அவருக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. கேட்ட ஒரே ஆளாகிய நானும் விளையாடப் போய்விட்டேன்.

அதே காஞ்சனபுரியில் சித்திரவதைப்பட்ட ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் கதை உலகத்துக்குத் தெரியும். அவர் பேர் எரிக் லோமாக்ஸ். மறைவாக ரேடியோ செய்ததற்காக 1943-ல் எலும்பு முறிய அடிபட்டவர். ஊருக்குத் திரும்பிய பின் பல பத்தாண்டுகள் வீட்டாரிடம்கூட அதைப் பற்றிப் பேச முடியாமல் தவித்தார். முதுமையில்தான், லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக நடத்தப்படும் ஒரு மருத்துவ நிலையத்தில், அவர் சொன்னதை உட்கார்ந்து கேட்க ஆள் கிடைத்தது. 1993-ல், தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகாசே தக்காஷியை அதே ஊரில் சந்தித்தார். நாகாசே தம் தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தியவர். பிறகே லோமாக்ஸ் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். 1995-ல் புத்தகமும் எழுதினார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் கேட்க ஆள். பிறகு தப்பை ஒப்புக்கொள்ள ஆள். அதன் பிறகே மன்னிப்பு. நாமோ அடிபட்டவரிடம் முதல் நாளே "மறந்துவிடு, மன்னித்துவிடு" என்கிறோம்.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் எழுதிய நூலில், இப்படிப்பட்டவர்கள் மீள்வதற்கு மூன்று படிகள் உண்டு என்கிறார். முதலில் பயமில்லாத இடம் வேண்டும். அடுத்து, நடந்ததைச் சொல்லி அழ வேண்டும். கடைசியில் மறுபடியும் மனிதர்களோடு சேர வேண்டும். இந்த மூன்றில் எதையும் ஒருவர் தனியாகச் செய்துகொள்ள முடியாது என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். சயாமிலிருந்து வந்தவர்களுக்கு இவற்றில் எது கிடைத்தது? கள்ளுக்கடை கிடைத்தது. துக்கத்தைச் சொல்ல வாய் இல்லாதவன் அதைக் கள்ளில் கரைத்தான். கரையாத மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் மேல் இறக்கினான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

ஆயினும் எல்லாரும் அப்படி முடிந்துவிடவில்லை. யுத்தம் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், நமக்கு வடக்கே கெடாவில் தோட்டப் பிள்ளைகள் தொண்டர் படை அமைத்தார்கள். கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள், லயங்களைக் கூட்டினார்கள், துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று நிமிர்ந்தார்கள். 1947-ல் போலீசாரோடு மோதல் வந்து உயிர்களும் போயின. 1954-ல் மாநிலந்தோறும் பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றாகித் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்தக் கூட்டங்களில் கை தூக்கியவர்கள் பலரும் ஜப்பானியர் காலத்தைக் கடந்து வந்தவர்கள். அமைப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி, "இது தப்பு என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா?" என்பது. 1951-ல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் போர்க் கைதிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க ஒரு பிரிவு எழுதப்பட்டது. ஆசியத் தொழிலாளருக்கு அதில் இடமில்லை. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவி தர ஒப்புக்கொண்டது. அது கப்பல்களாக வந்தது. சயாம் விதவையின் வீட்டு வாசலுக்கு ஒரு காசும் வரவில்லை. 2000-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுன் கொடுத்தது. நம் பக்கத்தில், ஆர். சண்முகம் 1993-ல் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார், அ. ரெங்கசாமி 2005-ல் 'நினைவுச் சின்னம்' எழுதினார். எழுத்தாளர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். நாம் வீட்டுப் பெரியவரிடம் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

பணம் பெரிதல்ல என்று நான் சொல்ல மாட்டேன். கூலிக்காகப் போராடும் சங்கத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். "உனக்கு நடந்தது அநியாயம், உன் பேர் எங்கள் கணக்கில் இருக்கிறது" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். தப்பி வந்தவன் தன் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கண்டுகொள்வது அந்தச் சொல்லிலிருந்துதான். அர்த்தம் என்பது அவன் தனியே மூலையில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கும் பொருளல்ல. அவன் சொல்வதும் நாம் கேட்பதும் சேர்ந்தால்தான் அது உண்டாகிறது. தாத்தாவின் பதினொரு இலைகளுக்கு முன்னால் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து அந்தப் பேர்களைத் திருப்பிச் சொல்லியிருந்தால், அவர் பைத்தியக்காரர் ஆகியிருக்க மாட்டார். எங்கள் லயத்தின் சரித்திர ஆசிரியர் ஆகியிருப்பார்.

ஆகவே, தோழர்களே, இந்தக் கிளையின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது: நம்மில் எவர் அடிபட்டாலும், கொள்ளையிடப்பட்டாலும், வீட்டுக்குள்ளேயே புருஷனால் அடிக்கப்பட்டாலும், "ஏன் போனாய், ஏன் இருந்தாய்?" என்ற கேள்வியை நம் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தக் கேள்வி போலீஸ் திருடனைக் கேட்க வேண்டியது.

இரண்டாவது: போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கிளையின் சார்பில் ஒருவர் கூடப் போக வேண்டும். எழுதப் படிக்க வேண்டிய இடத்தில் நான் வருகிறேன். பெண்களுக்குத் துணையாக மாதர் பகுதியினர் வர வேண்டும். அடிபட்ட பெண்களுக்கு ஆலோசனை சொல்ல 1985 முதல் பினாங்கில் ஒரு மகளிர் மையம் இருந்து வருகிறது. நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-லேயே நிறைவேறிவிட்டது. சட்டம் இருப்பது தெரியாமல் நம் பெண்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது: இதோ மேசை மேல் ஒரு புதிய நோட்டு இருக்கிறது. செக்ரோல் போலக் கோடு போட்டிருக்கிறேன். பேர், தகப்பன் பேர், தோட்டம், போன வருஷம், திரும்பினாரா இல்லையா. முதற் பக்கத்தில் எனக்கு நினைவிருக்கும் நான்கு பேர்களை எழுதியிருக்கிறேன். அவற்றுக்குக் கீழே ஏழு வரிகளைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்திருப்பார். கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள். பேர் முழுவதும் தெரியாவிட்டால் பாதிப் பேர் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பேராயிருந்தாலும் சரி. ஒரு வரியும் வீணாகாது.

நாளை மாலை மாதர் பகுதித் தலைவி அவர்களும் நானும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போகிறோம். இந்தத் தடவை புத்தி சொல்லப் போகவில்லை. சென்ற தடவை நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பிறகு, அவர் பேசினால் கேட்போம். பேசாவிட்டால் காப்பி குடித்துவிட்டு, மறுநாளும் வருவதாகச் சொல்லிவிட்டு வருவோம். வேலைக்குத் திரும்ப அவர் எப்போது தயாரோ, அன்று இரவு அவரை அழைத்து வர இரண்டு பேர் முறை வைத்துப் போக வேண்டும். அதற்கு யார் யார் தயார் என்று இப்போதே கை தூக்கும்படி கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.